வயித்துக்குள்ள பட்ட பசி பிள்ளையைக் கெதியா கிழவியாக்குமோ?

கேள்வி: 2009இல சண்டைக்க நான் பிள்ளைத்தாச்சி, கடைசி மாசங்கள் கஞ்சியைத் தவிர வேற ஒண்டும் இல்லை. மகள் முகாமில பிறந்தா, நிறை குறைவு. இப்ப ஓ.எல். முடிச்சிட்டா. இப்பிடிப் பிறந்த பிள்ளையள் கெதியா முதுமைப்படுவினம் எண்டு யூடியூபில சொல்லுறாங்கள், துப்பல் அனுப்பினா உடம்பின்ர உண்மையான வயசு சொல்லுற டெஸ்டும் இருக்காம். செய்யட்டோ?
- ஒரு அம்மா, புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, முதல்ல ஒண்டு, அந்தப் பசி நீங்கள் குடுத்தது இல்லை, அதை மனசில வச்சு நோகாதேங்கோ.

யூடியூபில சொன்னது முழுப்பொய்யும் இல்லை. 1944-45 குளிர்காலத்தில ஜெர்மன்காரர் சாப்பாட்டை மறிக்க நெதர்லாந்தில பெரிய பஞ்சம், அப்ப கருவில இருந்த ஆக்களை 60 வருசம் கழிச்சுப் பாத்தவை, ஐஜிஎஃப்2 எண்ட மரபணுவில ஒட்டியிருக்கிற மெதில் எண்ட சின்ன இரசாயனக் குறி கூடப்பிறந்த சகோதரங்களை விட அவைக்குக் குறைவா இருந்தது. மரபணு மாறேல்ல, அது எவ்வளவு வேலை செய்யோணும் எண்டதைக் காட்டுற குறிதான் மாறினது. ஆனா இதையும் கேளுங்கோ, அந்தக் குறைவு கரு தங்கின நேரம் பசி பட்டவைக்குத்தான், கடைசி மாசங்களில பட்டவை நிறை குறைஞ்சு பிறந்தும் அந்த மரபணுவில அந்த மாற்றம் இல்லை. அதால நிறை குறைவு எண்ட உடன உள்ளுக்க எல்லாம் பழுது எண்டு நினைக்கக் கூடாது.

பிறகு அதே பஞ்சத்துப் பிள்ளையளில முதுமை கொஞ்சம் வேகமாப் போகுது எண்டும் கண்டவை, பெண்களில அது இன்னும் கூடுதல். ஆனா அது நூற்றுக்கணக்கான ஆக்களின்ர சராசரி, உங்கட மகளின்ர தலையெழுத்து இல்லை. நீங்கள் கேட்ட துப்பல் டெஸ்டும் இந்த மெதில் குறியைப் பாக்கிறதுதான். 2013இல ஹோர்வத் எண்ட விஞ்ஞானி 353 இடத்து மெதில் குறியை வச்சு வயசு கணக்கிட்டது ஆராய்ச்சிக்கு நல்ல வேலை, தனி ஆளுக்கு மருந்து முடிவெடுக்க அது உதவாது, அந்தக் காசுக்கு முட்டையும் பயறும் வாங்குங்கோ.

உண்மையில எனக்கு யோசனை வீட்டுப் புகைதான். சிகரெட் ஏஎச்ஆர்ஆர் எண்ட மரபணுவில விடுற குறி அவ்வளவு தெளிவு, குறியைப் பாத்தே ஆள் பத்துறவரோ எண்டு சொல்லலாம், ஆனா விட்டா வருசக்கணக்கில அதில கனக்க திரும்பி வரும்! தகப்பன் பத்துறவர் எண்டா வீட்டுக்க வேண்டாம், குப்பையோட ஷொப்பிங் பையைக் கொளுத்துறதையும் நிப்பாட்டுங்கோ, அடுப்படியில புகை போக வழி வையுங்கோ.

பஞ்சத்துப் பிள்ளையளுக்கு நடுவயசில சீனி வருத்தம் கூடுதலா வந்ததால மகளை ஓடியாட விடுங்கோ, வளந்த பிறகு வருசத்துக்கு ஒருக்கா சீனியும் பிரஷரும் பாருங்கோ. நாளைக்கு அவ பிள்ளைத்தாச்சியா வரேக்க கிளினிக்கில தாற திரிபோஷா சத்துமாவை வீட்டில எல்லாருக்கும் பங்கு போடாம அவவே சாப்பிடட்டும்.