அம்மா மறுபடியும் வெற்றிலைப் பையை எடுத்துவிட்டார்

கேள்வி: எங்களுக்கு இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். கொழுந்து எடுக்கும் அம்மா புகையிலை வைத்து வெற்றிலை போடுவார். கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது என்று பல் டொக்டர் சொன்னதும் பயந்து நிறுத்தினார். மூன்று வாரம்தான். திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்களோடு சேர்ந்து மறுபடி தொடங்கிவிட்டார். பையை ஒளித்தால் பக்கத்து வீட்டுக் காம்பராவில் வாங்கிப் போடுகிறார். கிளினிக்குக்கும் வர மறுக்கிறார். இனி அவ்வளவுதானா?

பதில்: அன்பு மகளுக்கு,

காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன்பே வாய் கேட்கிற ஒரு பழக்கத்தை அம்மா மூன்று வாரம் தள்ளி வைத்திருக்கிறார். அது வீணாகவில்லை.

அமெரிக்க உளவியலாளர்கள் புரோசாஸ்காவும் டிக்ளெமெண்டேயும் சொந்த முயற்சியில் சிகரெட்டை விட்டவர்களை ஆராய்ந்து 1983-இல் எழுதினார்கள். விடும் எண்ணமே இல்லாத கட்டம், விடலாமா வேண்டாமா என்ற இழுபறி, விட்ட கட்டம், விட்டதைக் காப்பாற்றும் கட்டம் என்று பிரித்தார்கள். இழுபறிக்கும் விடுவதற்கும் நடுவே ஆயத்தம் என்ற கட்டமும் உண்டு. ஆறு மாதம் தாண்டினால்தான் காப்பாற்றும் கட்டம் என்பது கணக்கு. அந்த எல்லைக்கோட்டை நான் பெரிதாக நம்புவதில்லை. ஆய்வாளர்களிலும் பலர் நம்புவதில்லை. ஆனால் அந்த இரு உளவியலாளர்களும் சொன்ன ஒன்று உங்களுக்கு உதவும்: மறுபடி தொடங்கியவர்களில் பெரும்பாலானோர் எண்ணமே இல்லாத இடத்துக்குப் போய்விடுவதில்லை, இழுபறிக்கோ ஆயத்தத்துக்கோதான் திரும்புகிறார்கள்.

அம்மா இப்போது இழுபறியில் இருக்கிறார் என்று நினைக்கிறேன். பையை ஒளிப்பது, விடுவதென்று முடிவெடுத்தவருக்குச் செய்யும் உதவி. முடிவெடுக்காதவரிடம் செய்தால் சண்டைதான் மிஞ்சும். அதை விட்டுவிட்டு, "வெற்றிலை இல்லாவிட்டால் மலையில் எதும்மா கஷ்டம்?" என்று கேளுங்கள். பசி என்பார், கூதல் என்பார். மற்றவர்கள் பையை அவிழ்க்கும்போது தான் மட்டும் சும்மா நிற்பது என்றும் சொல்லலாம். பசிக்குக் காலையில் இன்னொரு ரொட்டி போதும். சும்மா நிற்பதற்கு ரொட்டி உதவாது. கூட வேலை செய்யும் ஒருவராவது "இவளுக்கு நீட்டாதீங்க" என்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் பேசி, விடும் நாளை அம்மாவே குறிக்கட்டும். அப்புறம் பையை இரண்டு பேருமாகத் தூக்கிப் போடுங்கள்.

அடுத்த திருவிழா, கல்யாணம் வருவதற்குள் ஒரு பதிலையும் பழக்கிக்கொள்ளட்டும். தாம்பூலத்தை மறுத்தால் மரியாதைக் குறைவு என்பார்கள். சரி, கையில் வாங்கி மடியில் வைத்துக்கொள்ளலாமே, வாயில்தான் போட வேண்டும் என்று யார் சொன்னது?

புகையிலையை மட்டும் விட்டால் போதாதா என்று கேட்பார். அதுவும் ஒரு படிதான், ஆனால் போதாது. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூலில் சொல்லிவிட்டது.

வெற்றிலையை விடுவதற்கு அம்மாவின் மனம் வரும்வரை பொறுக்கலாம். அந்த வெள்ளைப் படலத்துக்குப் பொறுக்க முடியாது. இரண்டையும் ஒரே பேச்சில் கலந்ததால்தான் கிளினிக் என்றாலே மறுக்கிறார் போலிருக்கிறது. "விடச் சொல்லிக் கூப்பிடவில்லை, காட்டிவிட்டு மட்டும் வருவோம்" என்று சொல்லுங்கள். ஒரு நாள் பேர் போகுமே என்று தயங்கினால், அந்தச் சம்பளத்தை நீங்கள் ஈடு செய்துவிடுங்கள். வாய் முன்போல் அகலத் திறக்காவிட்டாலோ, சிவப்பாகத் தெரிந்தாலோ, இரண்டு வாரமாகியும் புண் ஆறாவிட்டாலோ அந்த வாரமே கூட்டிப் போங்கள். அன்று அம்மாவின் வாயில் வெற்றிலை இருந்தாலும் பரவாயில்லை.