பூவழியில் பெட்டி தேடல்: கேள்விகளும் பதில்களும்

காட்டுப்பூக்களைப் பார்த்தபடியே நடந்து, வழியில் ஒளித்து வைக்கப்பட்ட பெட்டிகளைக் குறிப்புகளின் துணையோடு கண்டுபிடிக்கும் லெட்டர்பாக்சிங் விளையாட்டைப் பற்றி, கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த அன்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு, ஏரிக்கரைகளிலும் தோப்புகளிலும் இத்தகைய பாதைகளை அமைத்துப் பராமரித்து வரும் ஆர்வலர் ஒருவர் அளித்த பதில்கள்.

லெட்டர்பாக்சிங், ஜியோகேச்சிங் இரண்டும் ஒன்றுதானா, ஐயா? (கல்லூரி மாணவர், ஒசூர்)

ஒன்றல்ல, லெட்டர்பாக்சிங்தான் மூத்தது. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, எளிதில் சென்றடைய முடியாத கிரான்மியர் குளத்தருகே 1854-இல் ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்து, அங்கு வரை நடந்து வருவோர் தங்கள் முகவரி அட்டையை அதில் போட்டுச் செல்லலாம் என்று ஏற்பாடு செய்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய முறை: பெட்டிக்குள் ஒரு ரப்பர் முத்திரையும் ஒரு குறிப்பேடும் இருக்கும், தேடி வருபவர் தம் முத்திரையைப் பெட்டியின் ஏட்டில் பதித்துவிட்டு, பெட்டியின் முத்திரையைத் தம் ஏட்டில் பதித்துக்கொள்வார். அமெரிக்காவில் 1998-இல் ஸ்மித்சோனியன் இதழில் வந்த ஒரு கட்டுரைக்குப் பிறகே இது பரவியது. ஜியோகேச்சிங் 2000-இல் பிறந்தது. அதில் ஒளித்த பெட்டியைத் தேட, இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் எண்கள் வேண்டும். லெட்டர்பாக்சிங்குக்குக் கண்ணும் காலும் போதும். கைப்பேசித் திரையைப் பார்த்து நடப்பவர் காலடியில் இருக்கும் பூவைப் பார்ப்பதில்லை என்பதால், பூவழிக்கு லெட்டர்பாக்சிங்கே பொருத்தம் என்பது என் கருத்து.

பள்ளி மாணவர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். எந்த மாதம் ஏற்றது? எந்தப் பூக்களை நம்பிப் பாதை அமைக்கலாம்? (ஆசிரியை, பாலக்கோடு)

புரட்டாசிக் கடைசியிலிருந்து மார்கழி வரை நம் பக்கத்து வரப்புகளும் கரைகளும் பூத்துக் கிடக்கும். காலை ஏழு மணிக்கே நடையைத் தொடங்கிவிடுங்கள். தரையோடு படரும் விஷ்ணுகிரந்தியின் சிறு நீலப் பூக்கள் உச்சிவெயிலுக்குள் மூடிக்கொள்ளும், பதினொரு மணிக்கு மேல் போனால் மாணவர்கள் வெறும் இலையைத்தான் பார்ப்பார்கள். தும்பையும் ஆவாரையும் தேடாமலே கிடைக்கும். ஓரிதழ்தாமரையைத்தான் குனிந்து தேட வேண்டும்: புல்லுக்கு நடுவே இளஞ்சிவப்பில் ஒற்றை இதழ் மட்டும் அகன்று தொங்கும், உற்றுப் பார்த்தால் அதற்கு மேலே கண்ணுக்கு எளிதில் படாத நான்கு சிற்றிதழ்கள் ஒடுங்கி நிற்பது தெரியும். எட்டாம் வகுப்பு மாணவரிடம் ஒரு கைலென்சைக் கொடுத்து, ‘இதற்கு எத்தனை இதழ்?’ என்று கேட்டால் அதுவே ஒரு நல்ல குறிப்பாகிவிடும்.

வேலியோரத்தில் நம் மாநில மலரான செங்காந்தள் இருந்தால் அதைக் கட்டாயம் காட்டுங்கள். அதன் இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிப் பக்கத்துச் செடியைப் பிடித்து ஏறும்; இதழ்கள் பச்சை மஞ்சளாக விரிந்து, நாட்கள் செல்லச் செல்லச் சிவப்பேறிப் பின்னோக்கி வளையும். ஆனால் செடி முழுவதும், குறிப்பாகக் கண்வலிக்கிழங்கு என்று நாம் சொல்லும் அதன் கிழங்கு, உயிரைக் குடிக்கும் நஞ்சு. ஆகையால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று நடைக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் மூக்குத்திப்பூவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. மூக்குத்திப்பூவை வெட்டுக்காயத்துக்குக் கசக்கிப் பூசிப் பழகியதால் பலர் அதை நம் ஊர்ச் செடி என்றே நினைக்கிறார்கள். நாட்டுப்பூப் பாதை என்று பெயர் வைத்த பிறகு இவற்றை முத்திரையில் செதுக்க வேண்டாம்.

அஞ்செட்டிக் காட்டுக்குள் பெட்டி வைத்தால் சுவையாக இருக்குமே? (வாசகர், தேன்கனிக்கோட்டை)

வைக்கக் கூடாது. அப்பகுதிக் காடுகளில் ஒரு பகுதி, 2014-இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்துக்குள் அடங்குகிறது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். அது யானைகளின் நடமாட்டமுள்ள இடமும் கூட. உங்கள் தோப்பு, பள்ளி வளாகம், ஊராட்சியின் இசைவு பெற்ற ஏரிக்கரை ஆகிய இடங்களே போதும்.

குறிப்புகளை எப்படி எழுதுவது? பூவை அடையாளமாகச் சொன்னால், பூ வாடியதும் குறிப்பும் பயனற்றுப் போகாதா? (அஞ்சல்துறை ஊழியர், காவேரிப்பட்டினம்)

இந்த விளையாட்டின் நுட்பமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. வழியைக் காட்டுவதற்கு மதகு, மரம், பாறை, மைல்கல் போன்று இடம் மாறாதவற்றையும், தேடுபவரின் பார்வையைத் திருப்புவதற்குப் பூவையும் பயன்படுத்த வேண்டும். பூ இல்லாத மாதத்திலும் வழி தவறக் கூடாது. எடுத்துக்காட்டாக, ஓர் ஏரிக்கரைக்கு நான் எழுதியது இது:

மதகை விட்டு மேற்கே செல்,
தும்பை வெளுத்த வரப்பில் நில்,
மூன்றாம் புளியின் பின்னே கல்,
கைக்கு முன்னே போகட்டும் கோல்.

தும்பை காய்ந்துபோன சித்திரையிலும் வரப்பு அங்கேயே இருக்கும், புளியமரமும் இருக்கும். எனவே இரண்டாம் அடி பொய்த்தாலும் முதல் அடியும் மூன்றாம் அடியும் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். பூ இருக்கும் இடத்திலேயே பெட்டியை வைக்காதீர்கள். பெட்டி எங்கே இருக்கிறதோ அங்கேதான் கால்கள் சுற்றும், செருப்புகள் மிதிக்கும், கைகள் செடியை விலக்கும். ஓர் ஓரிதழ்தாமரைக் கூட்டத்தின் நடுவே பெட்டி வைத்தால் ஒரு பருவத்துக்குள் அந்த இடம் கட்டாந்தரையாகிவிடும். பூவைப் பார்த்துவிட்டுக் குறைந்தது இருபது முப்பது அடி நடந்த பிறகே பெட்டி வர வேண்டும், அதுவும் ஏற்கெனவே மக்கள் நடந்து இறுகிய தடத்தின் ஓரமாக.

முத்திரையைக் கடையில் செய்து வாங்கலாமா? (இல்லத்தரசி, ஊத்தங்கரை)

வாங்கலாம், ஆனால் கையால் செதுக்கியதற்கே மதிப்பு. பெரிய வெள்ளை அழிப்பான் ஒன்றும், லினோ எனும் மென்மையான அச்சுத்தகட்டை வெட்டும் சிற்றுளியும் போதும். படத்தை டிரேசிங் தாளில் மென்மையான பென்சிலால் வரைந்து, வரைந்த பக்கம் ரப்பரில் படும்படி வைத்துத் தேய்த்தால், இடவலம் மாறிய படம் ரப்பரில் ஒட்டும்; அதைச் செதுக்கிப் பதித்தால் நேராக வரும். எழுத்துகளைச் செதுக்குவோர் இந்தப் படியைத் தாண்டக் கூடாது. முதல் முயற்சிக்கு ஐந்து இதழ் கொண்ட நெருஞ்சிப்பூ எளிது. மைத்திண்டைப் பெட்டியில் வைக்க வேண்டாம். நம் வெயிலில் காய்ந்துவிடும். தேடி வருபவரே கொண்டுவரட்டும்.

பாம்பு பயம் இருக்கிறதே? (தந்தை ஒருவர், அரூர்)

நியாயமான பயம். டார்ட்மூரில் பாறை இடுக்குகளில் பெட்டியைச் செருகி வைப்பது வழக்கம். அதை இங்கே அப்படியே பின்பற்றுவது பேதைமை. சுருட்டை விரியனும் தேளும் பகலில் கிடப்பது நம் வறண்ட குன்றுகளின் கல்லடியிலும் பொந்திலும்தான். ஆகவே பெட்டி கல்லுக்குப் பின்னால், திறந்த தரையில், மேலிருந்து பார்த்தால் தெரியும்படி இருக்க வேண்டும்; கல்லுக்கு அடியில் இருக்கக் கூடாது. காலணி கட்டாயம். கோலால் தட்டிய பிறகே கை நீள வேண்டும். மீறிக் கடித்துவிட்டால் கடிவாயைக் கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நடுகல்லுக்குப் பக்கத்தில் வைக்கலாமா? (வரலாற்று ஆர்வலர், பென்னாகரம்)

வேண்டாம். நடுகற்கள், மல்லசந்திரத்தில் உள்ளவை போன்ற, பழங்கால ஈமச்சின்னங்களான கல்திட்டைகள், கோட்டைச் சுவர்கள் ஆகிய எவற்றிலும் பெட்டி வைக்கலாகாது. தேடுபவர்கள் கற்களைப் பெயர்ப்பார்கள். டார்ட்மூரிலும் தொல்சின்னங்களில் வைப்பதற்குத் தடை உண்டு. பல நடுகற்கள் இன்றும் வழிபாட்டில் இருப்பதை நான் சொல்லித்தான் தாங்கள் அறிய வேண்டும் என்பதில்லை.

குரங்குகள் தூக்கிச் செல்வதைத் தடுப்பது எப்படி? கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டியைக் கண்டு ஊரார் அஞ்சமாட்டார்களா? (விவசாயி, சூளகிரி)

உணவு வைத்துப் பழகிய டப்பாவைப் பயன்படுத்தாதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் ஊறுகாய் வாடை குரங்குக்குத் தெரியும். மிட்டாய், பரிசு என்று எதையும் உள்ளே போடவும் கூடாது. நான்கு பக்கமும் பூட்டிக்கொள்ளும், உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பெட்டியை வாங்கி, ஏட்டையும் முத்திரையையும் தனித்தனி ஜிப் உறையில் இடுங்கள். மூடியின் மேல் தமிழில் பெரிதாக, ‘இது இயற்கை நடை விளையாட்டுப் பெட்டி, திறந்து பார்க்கலாம், பார்த்தபின் இங்கேயே வைக்கவும்’ என்று எழுதி, பொறுப்பாளரின் தொலைபேசி எண்ணையும் சேர்த்துவிட வேண்டும். மர்மப் பெட்டி என்ற பேச்சு கிளம்புவதற்கு முன்பே ஊராட்சித் தலைவரிடமும் காவல் நிலையத்திலும், பெட்டிகள் இருக்கும் இடங்களை ஒரு தாளில் வரைந்து கொடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையாவது போய்த் திறந்து, ஈரமான ஏட்டை மாற்ற வேண்டும். பாதையை மூடும்போது பெட்டிகள் அனைத்தையும் எடுத்து வந்துவிட வேண்டும்.