பழைய பான்ஜோ: முதலில் கம்பியைத் தளர்த்துங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பான்ஜோ பற்றியவை, தோல் போர்த்திய வட்ட உடலும் நீண்ட கழுத்தும் உள்ள அந்தக் கம்பி வாத்தியம். பரணிலிருந்து இறக்கியதும் ஆளாளுக்கு முறுக்கிப் பார்த்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. கம்பிகளைத் தளர்த்திவிட்டு வந்து பதிலைப் படியுங்கள்.

கே: மழை தொடங்கினால் தோல் தொய்ந்து சத்தம் அடங்கிவிடுகிறது. தப்பைக் காய்ச்சுவதுபோல் தீயில் காட்டலாமா? (ஹட்டன்)

வேண்டவே வேண்டாம். பான்ஜோவின் ரிம், அதாவது தோல் ஏறும் வட்டச் சட்டம், பெரும்பாலும் மெல்லிய பலகைகளை வளைத்து ஒட்டியது. பழைய வாத்தியமென்றால் ஒட்டியது வச்சிரப் பசையால். சூடும் ஈரமும் சேர்ந்தால் அது இளகிவிடும். மழையில் தொய்ந்ததற்காக, தோலை இழுத்துப் பிடிக்கும் ஹூக்குகளை முடுக்கவும் வேண்டாம். உங்கள் ஊர் ஈரத்துக்குத் தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் ஹெட்தான் சரி. 1950களின் கடைசியிலிருந்தே கிடைக்கிறது. வாங்கும் முன் ரிம்மின் வெளி விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 11 அங்குலம் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால், பழைய ஆங்கிலேய வாத்தியங்கள் பலவற்றில் அது உட்காராது. பொருந்தாத அளவென்றால் தோலைத் தவிர வழியில்லை.

கே: ஜனவரியில் புதுத் தோல் கட்டினேன். ஆகஸ்டில் தானாகவே கிழிந்துவிட்டது. தோல் மட்டமா? (பண்டாரவளை)

தானாக ஒன்றும் கிழியவில்லை. ஜனவரியில் உங்கள் பக்கம் மழை. நனைந்து தொய்ந்த தோலை ‘டிங்’ என்று கேட்கும்வரை முடுக்கியிருப்பீர்கள். ஆகஸ்டில் ஊவாவின் வறண்ட காற்று மிச்சத்தை இழுத்துவிட்டது. அடுத்த தோலைச் சாதாரணத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். சுடுதண்ணீர் பட்டால் தோல் சுருங்கிக் கெட்டுப்போகும். துணிபோல் மெத்தென்று ஆனதும் உள்வளையத்தில் சுற்றி, சுருக்கமில்லாமல் இழுத்து, மேல்வளையத்தைப் பாதி மட்டும் இறக்குங்கள். நிழலில் இரண்டு நாள் காயட்டும். அப்புறம் எதிரெதிர் ஹூக்குகளாக, ஒரு நேரத்தில் கால் சுற்று. அதற்கு மேல் வேண்டாம்.

கே: எங்கள் பான்ஜோ சரியாகச் சத்தம் வரவில்லை. என்ன செய்யலாம்? (ஊர் இல்லை, படம் இல்லை)

எத்தனை கம்பி, தோலா பிளாஸ்டிக்கா, கழுத்து நேரா வளைவா, ஒன்றுமே எழுதவில்லை. இதற்கு நான் சாத்திரம்தான் பார்க்க வேண்டும். படத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கே: மேலே போகப் போகச் சுருதி விலகுகிறது. (பதுளை)

தோலின்மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் நகர்ந்திருக்கிறது. அது ஒட்டிய பொருளல்ல, கம்பியின் அழுத்தத்தில் நிற்பது. கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் படியும் நட்டிலிருந்து, விரற்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில் 12ஆவது, அதாவது 12ஆம் ஃப்ரெட் வரை எவ்வளவோ, அங்கிருந்து பிரிட்ஜுக்கும் அவ்வளவு. கடைசி மயிரிழையைக் காதால் சரிசெய்யுங்கள்.

கே: தாத்தாவின் பான்ஜோவை வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். தளபாட வேலை செய்யும் பாஸ் ஒருவர் மரத்தைத் தேய்த்து வார்னிஷ் அடித்து, உலோகத்தையும் மினுக்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? (மாத்தளை)

கொடுக்காதீர்கள். வாசிக்கும் நிலை வேறு, மினுங்கும் நிலை வேறு என்று எத்தனை தடவை எழுதுவது? அந்த பாஸ் அலுமாரிக்கு நல்லவராக இருக்கலாம். ஆனால் அலுமாரியில் ஃப்ரெட் இல்லை. மண்தாள் போட்டுக் கழுத்தைத் தேய்த்த ஒரு வாத்தியம் என் மேசைக்கு வந்தது. ஃப்ரெட்டுகளின் முதுகு தட்டையாகியிருந்தது. விரற்பலகை கருங்காலி என்று வீட்டார் நினைத்திருந்தார்கள். உண்மையில் அது வெளிர்மரம், மேலே கறுப்புச் சாயம் மட்டும். நடுவில் வழுக்கைபோல வெள்ளை தெரிந்தது. ரிம்முக்குள் ஓடும் கட்டையில் தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் குத்தியிருக்கும். வாத்தியத்தின் வயதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி பல நேரம் அதுதான். அதையும் சுத்தமாக வழித்துவிட்டார்கள். நிக்கல் பூச்சு மிக மெல்லியது. பிராஸோ போன்ற உலோக மெருகு போட்டு இரண்டு தடவை அழுத்தித் தேய்த்தால் அடியிலுள்ள பித்தளை மஞ்சளாக எட்டிப் பார்க்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கழற்றும் முன் படம் எடுங்கள். தூசியைக் காய்ந்த தூரிகையால் தட்டுங்கள். மரத்தை, ஈரம் பிழிந்த பஞ்சால் துடைத்து உடனே உலர்த்துங்கள். துருப்பிடித்த ஹூக்குகளையும் நட்டுகளையும் மண்ணெண்ணெயில் ஓர் இரவு போட்டுவையுங்கள். ரிம்மோடு கழுத்து சேருமிடம் ஆடினால் அரால்டைட் பசை ஊற்றாதீர்கள். நாளைக்கு யாராலும் கழற்ற முடியாது. மெல்லிய மரச்சில்லு ஒன்றைச் செருகினாலே பல நேரம் போதும். கம்பி கடைசி வேலை. அதிலும் மெல்லியது.

கே: நான்கு கம்பியுள்ள டெனர் பான்ஜோ. கடையில் கித்தார் கம்பிதான் இருக்கிறது. (கண்டி)

போடலாம். நுனியிலுள்ள உருண்டையைக் குறட்டால் நசுக்கி எடுத்தால் வளையம் மிஞ்சும், கம்பியின் அடிமுனையைப் பிடிக்கும் டெயில்பீஸில் மாட்டலாம். ஏ-வுக்குச் சுருதி வைக்கும் முதல் கம்பிக்கு 9 (0.009 அங்குலம்), அதற்குமேல் தடிப்பு வேண்டாம்.

கே: தலையில் கம்பியை முறுக்கும் ஆறு சாவி, ஆனால் ஐந்து கம்பிக்குத்தான் இடம். ஒரு கம்பி தொலைந்துவிட்டதா? பின்பக்கம் மூடியிருக்கிறது. (தலவாக்கலை)

ஒன்றும் தொலையவில்லை. உங்களிடம் இருப்பது ஸிதர் பான்ஜோ, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் ஆல்ஃபிரட் கேமையர் பிரபலமாக்கிய வகை. கித்தார் சாவிகள் பக்கத்துக்கு மூன்றாக வந்ததால் ஆறாவது சும்மா நிற்கிறது. ஐந்தாம் கம்பி கழுத்துக்குள் ஒரு குழாய் வழியே ஓடித் தலைக்குப் போகும். அந்தக் குழாயில் அழுக்கு அடைத்திருக்கும், மெல்லிய கம்பி ஒன்றை விட்டுப் பாருங்கள். எஃகும் குடல்நரம்பும் கலந்து கட்டிய வாத்தியம் இது. நரம்புக்குப் பதில் நைலான் போடுங்கள். முழுக்க எஃகு ஏற்றினால் கழுத்து வளையும், அதை நிமிர்த்த உள்ளே இரும்புத்தண்டு கிடையாது. இப்போது அதில் எஃகுதான் இருக்கிறதென்றால், இதைப் படித்ததும் தளர்த்திவிடுங்கள்.