4294967297 பகா எண்ணா?
500 வரை எல்லாப் பகா எண்ணாலும் வகுத்துப் பார்த்தேன், மீதி வந்துகொண்டே இருக்கிறது, அதனால் 4294967297 பகா எண்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை, இது பகு எண். 641-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 6700417 வரும். கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிட்டீர்கள், அவ்வளவுதான்.

இந்த எண் 2³² + 1. கணித மேதை ஃபெர்மாவே இதைப் பகா எண் என்று நம்பியிருந்தார், 1732-இல் ஆய்லர் என்ற இன்னொரு கணித மேதைதான் காரணிகளாக உடைத்துக் காட்டினார். அதனால் நீங்கள் ஏமாந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வகுக்காமலே 641-ஐச் சரிபார்க்கும் வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. 641 = 5 × 128 + 1, அதனால் 641-இன் மீதிக் கணக்கில் (641-ஆல் வகுத்தால் வரும் மீதியை மட்டும் பார்க்கும் கணக்கில்) 5 × 2⁷ என்பது −1. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ = 1. அப்புறம் 625 + 16 = 641 என்பதால் 5⁴-க்குப் பதிலாக −2⁴ போடலாம்; போட்டால் −2³² = 1, அதாவது 2³² + 1-க்கு மீதி பூஜ்யம்.

இந்த எண்ணின் வர்க்கமூலம் ஏறத்தாழ 65536; ஆனால் அதுவரை உள்ள 6542 பகா எண்களையும் சோதிக்கத் தேவையில்லை. இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 128-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும்: 129, 257, 385, 513, 641... இந்த ஐந்தில் பகா எண்கள் 257, 641 மட்டும். 257-க்கு மீதி 2. அடுத்ததே விடை.

நிரல் எழுதிச் சோதிப்பதாக இருந்தால் 64 பிட் மாறி வையுங்கள், 32 பிட்டில் 2³² இடம் கொள்ளாமல் விழுந்து இந்த எண் வெறும் 1 ஆகிவிடும்.