திறமூலத் திட்டத்தின் ஆவணத்தில் ரிலீஸ் விவரத்தைப் புதியவர்கள் சட்டென்று கண்டுபிடிக்க என்ன செய்யலாம்?

உங்கள் திட்டத்தில் சேஞ்ச்லாக் (வெர்ஷன்வாரியான மாற்றப் பட்டியல்) இருக்கிறது, நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் ரிலீஸ் பக்கம் இருக்கிறது, ஆவணத் தளமும் இருக்கிறது. ஆனாலும் புதிதாக வருபவர்கள் "எந்த வெர்ஷனை எடுப்பது, அடுத்தது எப்போது வரும்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், இதற்கென்று இன்னொரு பக்கம் எழுதிப் போடலாமா என்கிறீர்கள்.

இருப்பதை அப்படியே விட்டுவிட்டு இன்னொன்று எழுதினால், மூன்று இடத்தில் கிடப்பது நான்கு இடத்தில் கிடக்கும், அவ்வளவுதான். சேஞ்ச்லாக்கை எழுதுபவர் நிரலாளர், ரிலீஸ் பக்கத்தைப் போடுபவர் ரிலீஸ் பொறுப்பாளர், ஆவணம் வேறொருவர் கையில். அவரவர் வேலை முடிந்த இடத்திலேயே விவரத்தை வைத்துவிட்டுப் போகிறார்கள். புதியவருக்குச் சந்தேகம் வருவதோ டவுன்லோடு பக்கத்தில், நிறுவும்போது, அல்லது அனுப்பிய திருத்தம் ஏற்கப்பட்ட பிறகு. அங்கேதான் பதில் இருக்க வேண்டும்.

முதலில், கேட்பவர் யார் என்று பிரியுங்கள். பயன்படுத்த வந்தவருக்கு வேண்டியது: எதை நிறுவுவது, அதற்கு எவ்வளவு நாள் ஆதரவு. பங்களிக்க வந்தவருக்கு வேண்டியது: நான் கொடுத்த திருத்தம் எந்த வெர்ஷனில் வெளியே வரும். பெரும்பாலான திட்டங்கள் இரண்டையும் ஒரே பக்கத்தில் போட்டுக் குழப்புகின்றன.

முதல் ஆளுக்குப் பைத்தான் நிரல்மொழித் திட்டம் செய்திருப்பது எனக்குப் பிடிக்கும். டெவலப்பர் கையேட்டில் ஓர் அட்டவணை, வெர்ஷனுக்கு ஒரு வரி. 3.12-இன் வரியைப் பார்த்தால்: 2023 அக்டோபர் 2-இல் வந்தது, இப்போது பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும், 2028 அக்டோபரில் ஆயுள் முடிகிறது, முழு அட்டவணை வேண்டுமானால் பெப் 693 என்ற பைத்தானின் திட்ட ஆவணம். ஒரே பார்வையில் முடிந்துவிடும். பயனர்கள் டெவலப்பர் கையேட்டைத் தேடிப் போக மாட்டார்கள் என்பதால் டவுன்லோடு பக்கத்திலும் இதன் சுருக்கம் இருக்கிறது. இந்த இரண்டாவது படியைத்தான் பல திட்டங்கள் விட்டுவிடுகின்றன.

பங்களிப்பவர் விஷயம் வேறு. 3.9-இலிருந்து பைத்தானில் வருடத்துக்கு ஒரு பெரிய ரிலீஸ், அக்டோபரில். ஆனால் புதியவர் தெரிந்துகொள்ள வேண்டிய மாதம் அக்டோபர் இல்லை, மே. மே மாதம் முதல் பீட்டா (சோதனை வெளியீடு) வந்ததும் புதிய வசதிகளுக்குக் கதவு சாத்தப்படும். 2025 ஜூனில் ஏற்கப்பட்ட ஒரு புதிய வசதிக்கு அந்த அக்டோபரில் வந்த 3.14-இல் இடமில்லை, 2026 அக்டோபருக்கான 3.15-க்குத்தான் போகும். அதுவே பிழைத்திருத்தமாக இருந்தால், இன்னும் திருத்தங்கள் பெற்றுக்கொண்டிருக்கும் பழைய வெர்ஷன்களின் கிளைகளுக்கும் (தனியாகப் பராமரிக்கும் நிரல் வரிசை) போய், சில மாதங்களுக்குள் வெளியே வந்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோட் ஜேஎஸ்ஸில் இன்னொரு விதி: எந்த மாற்றமும் பொதுவாக நடப்பு வெர்ஷனில் இரண்டு வாரமாவது இருந்த பிறகுதான் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுள்ள) வெர்ஷனுக்குப் போகும். இப்படி உங்கள் திட்டத்திலும் ஏதோ ஒரு வழக்கம் இருக்கும், பழைய ஆட்களின் தலைக்குள் மட்டும். அதை ஒரு பத்தியாக எழுதி, பங்களிப்பு வழிகாட்டியின் கடைசியில், "உங்கள் திருத்தம் ஏற்கப்பட்ட பிறகு" என்ற தலைப்பில் வையுங்கள்.

சரி, தேதிகளை எங்கே வைப்பது? ஒரே இடத்தில். நோட் 16-இன் ஆயுள் முதலில் 2024 ஏப்ரல் வரை என்று இருந்தது. அது நம்பியிருந்த ஓப்பன் எஸ்எஸ்எல் 1.1.1 என்ற குறியாக்க நூலகத்துக்கான ஆதரவு 2023 செப்டம்பர் 11-இல் முடிவதால், நோட் 16-ஐயும் அதே நாளில் முடிக்க முடிவு செய்தார்கள். ஏழு மாதம் முன்னால்! அந்தத் தேதியை ரீட்மியில் (திட்டத்தின் அறிமுகக் கோப்பு), நிறுவல் வழிகாட்டியில், அடிக்கடி கேட்கும் கேள்விகளில் என்று தனித்தனியாகத் தட்டிவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். நோட், பைத்தான் இரண்டுமே கால அட்டவணையை ஒரு சின்ன ஜேசான் கோப்பாக (நிரல்கள் படிக்கக்கூடிய தரவுக் கோப்பு) வைத்திருக்கின்றன. பைத்தான் கையேட்டின் அட்டவணையும் வரைபடமும் அதிலிருந்தே உருவாகின்றன. உங்கள் திட்டம் சின்னது என்றால் ஜேசான் எல்லாம் வேண்டாம், ஒரு பக்கமும் மற்ற இடங்களிலிருந்து அதற்கு இணைப்பும் போதும்.

தனிப் பக்கத்தைவிடவும் அதிகம் உதவுவது, விவரத்தை அந்தந்த இடத்திலேயே சொல்வது. பைத்தான் ஆவணத்தில் இட்டர்டூல்ஸ் தொகுதியின் பேட்ச்ட் என்ற செயல்கூறுக்குக் கீழே "3.12-இல் சேர்க்கப்பட்டது" என்று ஒரு வரி, அதற்கும் கீழே 3.13-இல் ஸ்ட்ரிக்ட் என்ற தேர்வு வந்ததாக இன்னொரு வரி. 3.10 வைத்திருப்பவருக்கு அது ஏன் ஓடவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. இணையதளங்கள் கட்ட உதவும் ஜாங்கோ இன்னும் ஒரு படி மேலே: தேடுபொறி வழியாகப் பழைய வெர்ஷனின் ஆவணத்துக்கு வந்து விழுந்தால், இது ஆதரவு முடிந்த, பாதுகாப்பில்லாத வெர்ஷன் என்று பக்கத்தின் மேலேயே எச்சரிக்கை நிற்கும்.

ஆவணங்களை இணையத்தில் வெளியிடும் ரீட் த டாக்ஸ் சேவையில் ஆவணம் வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் ஒன்றைப் பாருங்கள். அங்கே லேட்டஸ்ட் என்ற முகவரி, நீங்கள் மாற்றாதவரை, முதன்மைக் கிளையின் (வேலை நடந்துகொண்டிருக்கும் நிரலின்) ஆவணத்தைக் காட்டும். அதாவது இன்னும் வெளியாகாத வசதிகளும் அதில் இருக்கும். கடைசியாக வெளியான வெர்ஷனுடையது ஸ்டேபிள் என்ற முகவரி. புதியவர் லேட்டஸ்டைத்தான் சொடுக்குவார், அதில் படித்த கட்டளை அவர் கணினியில் ஓடாது, உடனே பிழை அறிக்கை வரும். அமைப்புகளில் இயல்பான வெர்ஷனாக ஸ்டேபிளை வைத்துவிட்டால் இதில் பாதி குறையும்.

சேஞ்ச்லாக் பற்றி ஒரு புலம்பல். கிட்ஹப் தானாக உருவாக்கித் தரும் ரிலீஸ் குறிப்பு பெரும்பாலும் புல் ரிக்வெஸ்ட் (ஏற்கக் கேட்டு அனுப்பிய திருத்தம்) தலைப்புகளின் பட்டியல்தான். பராமரிப்பவருக்கு அது போதும், புதியவருக்கு ஒன்றும் புரியாது. அதன் தலையில் கையால் மூன்று வரி எழுதுங்கள்: என்ன புதிது, எது உடையும், யார் அவசரமாக மேம்படுத்த வேண்டும்.

அப்புறம், ரிலீஸ் கால அட்டவணையே இல்லாத திட்டம் என்றால் அதையும் எழுதிவிடுங்கள்: "குறித்த தேதி கிடையாது, தயாரானதும் வெளியிடுவோம், முதன்மைக் கிளையில் இருப்பதை இப்போதே சோதிக்க இப்படி நிறுவலாம்." அதை ரீட்மியில், நிறுவும் கட்டளைக்கு நேர் கீழே போடுங்கள்.