சுடாத துப்பாக்கி

வணக்கம். பதினொரு வருடமாக அடிலெய்டில் இருக்கிறேன். பக்கத்து வீட்டில் தொண்ணூறு வயதுப் பாட்டி ஒருவர் தனியாக இருக்கிறார். போன மாதம் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து தன் அண்ணன் படத்தைக் காட்டினார். அடர்நீலச் சீருடை, மார்பில் ஒற்றைச் சிறகு, அதில் ‘ஏ.ஜி.’ என்ற எழுத்து. ஏர் கன்னர். இரண்டாம் உலகப் போரில் லங்காஸ்டர் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தின் வாலில் உட்கார்ந்து துப்பாக்கி இயக்குபவராம். இங்கிலாந்தில் பின்புரூக் என்ற ஊரிலிருந்து பறந்திருக்கிறார். 1944 ஜனவரியில் பெர்லினுக்குப் போனவர் திரும்பவில்லை. வயது 20. பெர்லினிலேயே கல்லறை இருக்கிறது. பாட்டி போய்ப் பார்த்ததில்லை.

பெட்டியில் அவருடைய பறப்புக் குறிப்பேடும் இருந்தது. சிவப்பு மையில் 14 இரவுப் பயணங்கள். எதிலும் சுட்டதாக ஒரு வரி இல்லை. “பாவம், அவனுக்கு ஒரு தடவை சுடக்கூட வாய்க்கவில்லை” என்றார் பாட்டி. கூட இருந்த என் மகன், “அப்போ அவர் என்னதான் செய்தார்?” என்று கேட்டுவிட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அதோடு, அந்தக் குண்டுகளில் செத்த ஜனங்களின் நினைப்பும் வந்தது. பாட்டியிடம் நான் என்ன சொல்வது?

எஸ்., அடிலெய்டு

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகன் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறான். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பெர்லினுக்குப் போய்வர ஏழெட்டு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் இருட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதுதான் அவருடைய வேலை. ‘கன்னர்’ என்ற பெயர்தான் நம்மைக் குழப்புகிறது.

லண்டன் ஹெண்டன் அருங்காட்சியகத்தில் ஒரு லங்காஸ்டர் நிற்கிறது. 137 தாக்குதல்களுக்குப் போய் வந்த விமானம். ஆஸ்திரேலியாவின் 467ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப்படைப் பிரிவிலும் இருந்தது. அதன் வாலுக்குக் கீழே நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்திருக்கிறேன். விமானத்தின் நீளம் 21 மீட்டர். ஏழு பேரில் ஐந்து பேர் முன்பக்கம், ஒருவர் பக்கத்தில் ஒருவராக. இன்னொரு கன்னர் நடுமுதுகில். ஏழாவது ஆள் மட்டும் வால் நுனியில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள், பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார். விமானம் எங்கே போகிறது என்பதை அவர் பார்க்க முடியாது. விட்டுவந்த வானம் மட்டுமே கண்ணில் படும். மற்றவர்களோடு இருந்த ஒரே தொடர்பு காதில் கேட்கும் குரல்தான்.

அந்தக் கண்ணாடி பிளாஸ்டிக்கால் ஆனது. அதில் ஒரு கீறலோ தூசியோ இருந்தாலும் தூரத்து விமானம் போலத் தெரியும். அதனால் பலரும் நேர் எதிரே இருந்த தகட்டையே கழற்றி எடுத்துவிட்டார்கள். குளிர் 40 டிகிரி உறைநிலைக்குக் கீழே போகும். மின்சாரத்தால் சூடாகும் உடை உண்டுதான். அது வேலை செய்யாமல் போன இரவுகளில் விரல்கள் உறைந்து போயின. நன்றாகப் பார்ப்பதற்காக அந்தக் குளிரைத் தாங்களே உள்ளே விட்டுக்கொண்டார்கள் என்பதை உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். அந்த வேலை என்ன என்பது அவனுக்குப் புரிந்துவிடும்.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். வால் கூண்டில் நான்கு பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிகள், சுமார் 10,000 தோட்டாக்கள். எல்லாம் சேர்ந்து சுட்டால் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் வரும். தோட்டாவின் விட்டம் 7.7 மில்லிமீட்டர். எதிரே வந்த ஜெர்மன் இரவு விமானங்களில் இருந்தது 20 மில்லிமீட்டர் பீரங்கி. இவருடைய தோட்டா எட்டாத தூரத்தில் நின்றுகொண்டே அவன் அடிக்க முடியும். போதாததற்கு, சுட்ட உடனே துப்பாக்கி வாயில் எழும் நெருப்பு ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று காட்டிக்கொடுக்கும். சுட்டவர் கண்ணும் கூசிப்போகும். அதனால் தேவையில்லாமல் சுடாதே என்பதுதான் பாடம்.

அப்புறம் எதற்கு அவர்? இருட்டில் ஒன்றை நேராக உற்றுப் பார்த்தால் அது மறைந்துபோகும். விழியின் நடுப்பகுதிக்கு இரவில் பார்வை குறைவு. சற்று ஓரமாகப் பார்க்க வேண்டும், ஓரிடத்தில் நிலைக்காமல் கண்ணை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். இதைப் பழக்கினார்கள். கரிய வானத்தில் இன்னும் கொஞ்சம் கரியதாக ஒன்று அசைந்தால், அவர் மைக்கில் கத்துவார்: “கார்க்ஸ்க்ரூ போர்ட், கோ!” இடப்பக்கம் திருகிப் பாய் என்று அர்த்தம். விமானி ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. அந்த நொடியே விமானத்தைத் தலைகுப்புறச் சரித்து, முறுக்கி, மறுபடி மேலே ஏற்ற வேண்டும். விமானி அதிகாரியாக இருக்கலாம், கத்தியவர் இருபது வயது சார்ஜெண்டாக இருக்கலாம். அந்த நேரத்தில் விமானம் பின்சீட்டுக்காரர் சொல் கேட்டது. இவர்கள் விழித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் ஜெர்மன் விமானி பெரும்பாலும் விட்டுவிட்டு, தூங்குகிற இன்னொரு விமானத்தைத் தேடிப் போவான்.

தினைப்புனத்தில் பரண்மேல் காவல் இருப்பவனை நினைத்துப் பாருங்கள். கவணில் ஒரு கல்கூட வைக்காமல் பொழுது விடிந்தால், அன்று காவல் நடக்கவில்லை என்று யாராவது சொல்வார்களா? பாட்டியின் அண்ணன் குறிப்பேட்டில் ‘சுட்டேன்’ என்ற வரி இல்லாததை நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

ஆனால் பார்க்கவே முடியாத இடம் ஒன்று இருந்தது. விமானத்தின் அடிவயிறு. 1943இல் ஜெர்மானியர்கள் தங்கள் இரவு விமானங்களில் மேல்நோக்கிச் சாய்த்த பீரங்கிகளைப் பொருத்தினார்கள். ஓசைப்படாமல் கீழே வந்து, இறக்கையில் இருக்கும் பெட்ரோல் தொட்டிக்குக் குறிவைத்து அடித்தார்கள். பெரும்பாலான லங்காஸ்டர்களில் கீழே பார்க்க ஜன்னலும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. எத்தனையோ விமானங்களில் கன்னர் ஒழுங்காகக் கண் விழித்திருந்தும் எதுவும் தெரியாமலே போய்ச் சேர்ந்தார்கள். அவர் தவறவிட்டாரோ என்று பாட்டி மனதில் ஒரு முள் இருக்குமானால், இதை மறக்காமல் சொல்லுங்கள்.

அடிபட்டுவிட்டால் தப்பிப்பதும் அவருக்குத்தான் கடினம். கூண்டுக்குள் இடம் இல்லாததால் பாராசூட் வெளியே, அவர் முதுகுக்குப் பின்னால் விமானத்தின் உடற்பகுதியில் மாட்டியிருக்கும். கதவைத் திறந்து, அதை எடுத்து, மாட்டி, கூண்டை ஒருபக்கமாகத் திருப்பி, முதுகுப்பக்கமாக விழ வேண்டும். கூண்டு திரும்புவது எஞ்சினிலிருந்து வரும் எண்ணெய் அழுத்தத்தால். அந்த எஞ்சின் எரிந்தால் கூண்டு நின்றுவிடும். 1944 ஜூனில் பிரான்ஸ் வானத்தில் அப்படிச் சிக்கிய தன் வால் கன்னரை விடுவிக்க, ஆண்ட்ரூ மைனார்ஸ்கி என்ற கனடாக்காரர் தன் உடை தீப்பற்றி எரிய எரிய முயன்றார். முடியவில்லை. கடைசியில் குதித்தவர் தீக்காயத்தால் இறந்தார். சிக்கிய கன்னர் பேட் பிரோஃபி, விமானம் தரையில் மோதியபோது வெளியே எறியப்பட்டு உயிர் பிழைத்தார். மைனார்ஸ்கிக்கு வீரத்துக்கான உயரிய விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது, பிரோஃபி உயிரோடு வந்து நடந்ததைச் சொன்னதால்தான்.

இந்த வேலைக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து போன எல்லோரும் விருப்பத்தோடு பெயர் கொடுத்தவர்கள். 1939 டிசம்பரில் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சேர்ந்து செய்துகொண்ட பயிற்சி ஒப்பந்தத்தின்படி, நியூ சவுத் வேல்ஸின் எவன்ஸ் ஹெட் போன்ற இடங்களில் சுடக் கற்று, கப்பலேறி இங்கிலாந்து போனார்கள். அங்கே ஒரு பெரிய கொட்டகையில் எல்லோரையும் விட்டு, ‘உங்களுக்குள்ளேயே குழு சேர்ந்துகொள்ளுங்கள்’ என்றார்கள். யாரோடு சாவது என்பதை அரைநாளில் முடிவு செய்த மாதிரிதான். பலர் பிரிட்டிஷ் பிரிவுகளுக்கே போனார்கள். (அப்படிப்பட்ட குண்டுவீச்சுப் பிரிவுகளில் 35ஆவதன் பெயர் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’, 102ஆவதன் பெயர் ‘சிலோன்’. நம் ஊர்ப் பெயர்களும் அந்த வானத்தில் பறந்திருக்கின்றன.) பின்புரூக் என்றால் உங்கள் பாட்டியின் அண்ணன் 460ஆம் ஸ்குவாட்ரன், ஆஸ்திரேலியப் பிரிவு. 1943 டிசம்பர் தொடக்கத்தில் ஒரே பெர்லின் இரவில் அங்கிருந்து புறப்பட்ட 25 விமானங்களில் 5 திரும்பவில்லை. அடுத்த மாதமே அவர் அதே ஊருக்குக் கிளம்பினார். 30 பயணம் முடித்தால் ஓய்வு என்பது கணக்கு. பிரிட்டனின் குண்டுவீச்சு விமானப் படையான பாம்பர் கமாண்டில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். ஆஸ்திரேலியர்கள் ஏறத்தாழ 10,000 பேர், இறந்தவர்கள் 3,486.

செத்த ஜனங்களை நினைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நினைக்கத்தான் வேண்டும். ‘அவர் குண்டு போடவில்லை, வாலில்தானே இருந்தார்’ என்று சொல்லி அவரை விடுவிக்க என்னால் முடியாது. அவர் காவல் காத்ததால்தான் குண்டு ஊர்வரை போய்ச் சேர்ந்தது. 1942 பிப்ரவரியில் பாம்பர் கமாண்டுக்கு வந்த உத்தரவு குடிமக்களின், குறிப்பாகத் தொழிலாளர்களின் மன உறுதியையே இலக்காகச் சொன்னது. அப்படித்தான் 1943 ஜூலையில் ஹாம்பர்க்கில் 35,000 பேருக்கு மேல் செத்தார்கள், குழந்தைகளும் சேர்த்து. அந்த உத்தரவு தவறு என்றே நான் நினைக்கிறேன். ஹிட்லரின் ஆட்சி தோற்றே ஆக வேண்டியிருந்தது என்றும் நினைக்கிறேன். இரண்டில் ஒன்றை விட்டுவிட என்னால் ஆகவில்லை. விமானம் திரும்பியதும் மற்ற ஆறு பேருக்கும் ஊர் முதுகுக்குப் பின்னால் போய்விடும். வால் கன்னருக்கு மட்டும் அது கண்ணெதிரே எரியும். நூறு மைல் தாண்டிய பிறகும் அந்த வெளிச்சம் தெரியும். எதிரி விமானம் வருகிறதா என்று பார்க்க வேண்டிய கண், அந்தத் தீயைத் தவிர்த்துத் திரும்ப வேறு திசை கிடையாது. திரும்பாத கடைசிப் பயணம் போக, இருபது வயதில் 13 முறை அதைப் பார்த்துக்கொண்டே வீடு வந்தவர் அவர். அதை அவர் எப்படிச் சுமந்தார் என்பது குறிப்பேட்டில் இருக்காது. பாட்டியிடம் பழைய கடிதங்கள் ஏதாவது இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

பாட்டியிடம் இப்படிச் சொல்லலாம்: சுடாமல் வந்த அந்த 13 இரவுகளிலும் ஏழு பேர் உயிரோடு தரையிறங்கினார்கள். பெர்லின் போர்க் கல்லறையில் 3,500 பேருக்கு மேல் இருக்கிறார்கள், பெரும்பாலோர் விமானத்தில் வந்தவர்கள். ஒரே விமானத்தில் இறந்தவர்களின் கற்களைப் பல இடங்களில் இடைவெளி விடாமல் தோளோடு தோள் ஒட்டி நட்டிருப்பார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் அவர் பெயரைப் போட்டால் வரிசை எண்ணும் கல்லின் எண்ணும் வரும். பக்கத்து எண்களில் இருப்பவர்கள் அதே தேதியில் இறந்தவர்களா என்று உங்கள் மகனையே பார்க்கச் சொல்லுங்கள். கான்பெரா போர் நினைவகத்துச் சுவரில் 460ஆம் ஸ்குவாட்ரனின் பெயர்கள் ஒரே இடத்தில், பதவி இல்லாமல் பெயர் மட்டுமாக இருக்கும். பக்கத்தில் நினைவுக்காகச் சிவப்புப் பாப்பிப் பூ செருகலாம். பாட்டியால் அவ்வளவு தூரம் வர முடியாவிட்டால், போய் ஒரு படம் எடுத்து வந்து காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்