கூர்க்காக்கள் கூலிப்படையா?

கேள்வி: நேபாளம் எந்த நாட்டுக்கும் அடிமைப்படாத நாடு என்று பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் அந்த நாட்டுக்காரர்களான கூர்க்கா வீரர்கள் 200 வருடங்களாகப் பிரிட்டனுக்காகவும் இந்தியாவுக்காகவும் சண்டை போடுகிறார்கள். 'வீர இனம்' என்று எவ்வளவு புகழ்ந்தாலும் இவர்கள் கூலிப்படைதானே?

பதில்: இல்லை. போரிடும் நாட்டின் முறையான ராணுவத்தில் இருப்பவர் கூலிப்படை ஆகமாட்டார் என்று ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977-ஆம் ஆண்டின் முதல் கூடுதல் நெறிமுறை சொல்கிறது. சம்பளம் வாங்குவதுதான் குற்றம் என்றால் உலகத்தில் எந்த ராணுவமும் தப்பாது. நீங்கள் கேள்வி கேட்க வேண்டிய இடம் ராணுவ முகாம் அல்ல, காட்மாண்டு அரண்மனை.

1814-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நேபாளத்தின் மீது போர் தொடுத்தபோது, டேராடூனை ஒட்டிய நாலாபானிக் கோட்டையில் இருந்தவர்கள் பெண்கள், குழந்தைகள் உட்பட சுமார் 600 பேர். தலைவர் பலபத்ர குன்வர். கம்பெனிப் படையோ பல மடங்கு பெரியது. அதன் தளபதி கில்லெஸ்பி முதல் தாக்குதலிலேயே செத்தார். கடைசியில் தண்ணீரை மறித்துத்தான் கோட்டையைப் பிடிக்க முடிந்தது. எஞ்சிய சுமார் 70 பேரோடு பலபத்ரர் வெளியேறினார். பிற்பாடு வெள்ளைக்காரர்கள் அங்கே இரண்டு தூண்கள் நட்டார்கள்: ஒன்று தங்கள் தரப்பில் இறந்தவர்களுக்கு, இன்னொன்று பலபத்ரருக்கும் அவருடைய வீரர்களுக்கும். சரி, அந்தப் பலபத்ரர் என்ன ஆனார்? லாகூரில் ரஞ்சித் சிங்கின் படையில் சேர்ந்து, 1823-இல் நௌஷேராவில் ஆப்கானியர்களுடன் நடந்த போரில் இறந்தார். நேபாளத்தின் தேசிய வீரருக்கே சாவு அடுத்தவர் போரில்தான்!

அந்தப் போரை முடித்து 1816-இல் உறுதியான சுகௌலி ஒப்பந்தத்தில் நேபாளம் சிக்கிம், குமாவோன், கட்வால் எல்லாவற்றையும் இழந்தது. கம்பெனி அதற்குள்ளாகவே கூர்க்காக்களைப் படையில் சேர்க்கத் தொடங்கிவிட்டது. ஆரம்பத்தில் காட்மாண்டு இதை விரும்பவில்லை. ஆள் எடுப்பது பெரும்பாலும் மறைவாகத்தான் நடந்தது. ஆனால் நேபாளப் பிரதமர் ஜங் பகதூர் ராணா 1857 கிளர்ச்சியை அடக்க பிரிட்டிஷாருக்கு உதவி, தானே படையோடு லக்னோ வரை வந்தார். பரிசாக மேற்குத் தராய் சமவெளி நிலம் திரும்பக் கிடைத்தது. 1885-இல் பிரதமராக இருந்த பெரியப்பாவைக் கொன்று ஆட்சிக்கு வந்த பீர் ஷம்ஷேர் ராணாவுக்கு வெள்ளைக்காரரின் அங்கீகாரம் தேவைப்பட்டது. அவர் ஆள் சேர்ப்புக்குக் கதவைத் திறந்துவிட்டார். முதல் உலகப் போருக்கு ஆள் கொடுத்ததற்குக் கைம்மாறாக ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வந்தது. 1923-இல் நேபாளத்தின் சுதந்திரத்தை பிரிட்டன் ஒப்பந்தம் போட்டு ஒப்புக்கொண்டது. நாட்டு வருமானமே ராணா குடும்பத்தின் சொத்தாக இருந்த காலம் அது. பிள்ளையைப் பறிகொடுத்த மலைக் கிராமத்துக்கு அந்த 10 லட்சத்தில் என்ன போய்ச் சேர்ந்திருக்கும்?

அடிமைப்படாத நாடு என்ற பெருமைக்கு இதுவும் ஒரு விலை. 'வீர இனம்' பட்டமும் ஆள் எடுக்க வந்தவன் கொடுத்ததுதான். பட்டம் கொடுப்பது ஓய்வூதியம் கொடுப்பதைவிட மலிவு. சம ஓய்வூதியம் கேட்டு பிரிட்டனின் பழைய கூர்க்கா வீரர்கள் நீதிமன்றப் படி ஏறியதை மறந்துவிட வேண்டாம்.

1947-இல் பத்து கூர்க்கா ரெஜிமெண்டுகளில் ஆறு இந்தியாவுக்கு, நான்கு பிரிட்டனுக்கு என்று பங்கு பிரித்தார்கள். அப்போது நேபாளம் கேட்டவற்றில் ஒன்று, தங்கள் வீரர்கள்மேல் கூலிப்படை என்ற களங்கம் படியக்கூடாது என்பது. நீங்கள் கேட்ட கேள்வி அவர்களுக்கு அன்றைக்கே உறுத்தியிருக்கிறது.

உறுத்தாமல் எப்படி இருக்கும்? நேபாளம் 1960-இல் சீனாவோடு நட்பு ஒப்பந்தம் செய்துகொண்டது. 1962-இல் நேபாளக் குடிமக்கள் இந்தியச் சீருடையில் சீனாவோடு சண்டை போட்டார்கள். 1982-இல் பிரிட்டனுக்காக அர்ஜென்டினாவோடு சண்டை போட ஃபாக்லந்துத் தீவுகளுக்கும் போனார்கள். அர்ஜென்டினாவோடு காட்மாண்டுவுக்கு என்ன தகராறு?

இப்போது நிலைமை வேறு. இந்தியா 2022-இல் அக்னிபத் என்ற ராணுவ ஆள் சேர்ப்புத் திட்டத்தைக் கொண்டு வந்தது: நான்கு வருட வேலை, நான்கில் ஒருவருக்குத்தான் அதற்கு மேல் நீடிக்க வாய்ப்பு. இது 1947 ஏற்பாட்டுக்கு ஒத்துவராது என்று காட்மாண்டு ஆள் சேர்ப்பை நிறுத்தி வைத்தது. ஆனால் நாட்டில் வேலை இல்லையே! சில இளைஞர்கள் ரஷ்யப் படையில் சேர்ந்து உக்ரைன் போர்முனையில் இறந்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி மாஸ்கோவிடம் கேட்க வேண்டியதாயிற்று. அந்தப் பையன்களுக்காக காட்மாண்டு எந்த ஒப்பந்தமும் போட்டிருக்கவில்லை.